மரியாதையான வருத்தம்

எங்கள் பக்கத்தில் நோய்களுக்கும் அந்தஸ்து உண்டு. இருதய வருத்தம் என்றால் அது படித்தவர்களுக்கு வருவது. பார்க்க வருகிறவர்கள் குரலைத் தாழ்த்திக் கதைப்பார்கள், படலையைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போவார்கள். நீரிழிவும் பரவாயில்லை, நன்றாகச் சாப்பிட வசதியுள்ள வீடு என்று எடுத்துக்கொள்வார்கள். சயரோகம் என்றால் ஒழுங்கையில் நின்றே சுகம் விசாரித்துவிட்டுச் சைக்கிளை மிதிப்பார்கள். ஆனால் வயிற்றுளைவு, பூச்சி, கிருமி என்று ஏதாவது வந்தால் வாயே திறக்கக் கூடாது. அதெல்லாம் கக்கூஸோடு சம்பந்தப்பட்ட விஷயம்.

என் மாமனாருக்கு வந்தது இரண்டும் சேர்ந்த வருத்தம். அமீபா என்ற கண்ணுக்குத் தெரியாத கிருமி குடலுக்குள் போய், அங்கிருந்து ஈரலுக்கு ஏறிச் சீழ்க்கட்டியாகி, கட்டி உடைந்து இருதயத்தைச் சுற்றியிருக்கும் பைக்குள் இறங்கிவிட்டது. என் புகுந்த வீட்டார் இதில் இருதயத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதையெல்லாம் இல்லை என்று சாதித்தார்கள். அவர்கள் சாதித்தபடியே விட்டிருந்தால் அந்த மனிதர் செத்திருப்பார்.

நான் பண்டத்தரிப்பிலிருந்து மானிப்பாய்ப் பக்கம் வாழ்க்கைப்பட்டுப் போனவள். வீட்டில் மாமா, மாமி, என் கணவர், நான். மாமா ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். தீட்சை கேட்டவர், மச்சம் மாமிசம் தொடாதவர், கோயில் சபையில் தலைவர். சுற்றுவட்டாரத்தில் மதுவின் தீமை பற்றிப் பேச ஆள் வேண்டுமென்றால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். மறுக்கமாட்டார். தோய்த்து மடித்த சால்வையைப் போட்டுக்கொண்டு போய் ஒரு மணித்தியாலம் பேசுவார். குடியால் சீரழிந்த குடும்பங்களைப் பற்றிச் சொல்லும்போது குரல் தழுதழுக்கும். அது நடிப்பில்லை, உண்மையாகவே உருகுவார்.

உருகி முடித்து வீட்டுக்கு வந்து, சால்வையைக் கொடியில் போட்டுவிட்டு, பின்வளவுக்குப் போய்க் கள்ளுக் குடிப்பார்.

அதற்கென்று அந்த வீட்டில் ஒரு முழு ஏற்பாடே இருந்தது. கள் இறக்குகிறவர் பின்னேரம் பின்வேலியில் ஆள் நுழையுமளவு விட்ட பொட்டுக்குள்ளால் வருவார். கொண்டுவருகிற முட்டி மாமி கொடுத்த முட்டி. கருப்பணி இறக்குவதென்றால் முட்டியின் உள்ளே சுண்ணாம்பு பூச வேண்டும், அப்போதுதான் பனஞ்சாறு புளிக்காமல் இனிப்பாக இருக்கும். எங்கள் முட்டிக்குச் சுண்ணாம்பு வெளியில். பக்கத்து வளவுக்காரர் வேலிக்கு மேலால் பார்த்தாலும் கருப்பணி முட்டி என்று நினைக்க வேண்டுமென்று மாமி தன் கையாலேயே வெள்ளை வெளேரென்று பூசிக் கொடுப்பார். உள்ளே நுரைத்துக்கொண்டிருப்பது நன்றாகப் புளித்த கள்ளு. "மாமாவுக்குச் சூட்டு உடம்பு, பிள்ளை. கருப்பணி குளிர்மை," என்று நான் வந்த முதல் கிழமையிலேயே எனக்குச் சொல்லிவைத்தார். கருப்பணி குடித்த மனிதர் ஏன் தேவாரத்தின் முதல் அடியையே திரும்பத் திரும்பப் பாடிக்கொண்டு சாய்மனைக் கதிரையில் கிடக்கிறார் என்று நான் கேட்கவில்லை. புது மருமகள் கேட்கக்கூடிய கேள்வியா அது.

பாத்திரத்துக்கும் சட்டம் இருந்தது. கள்ளுத் தவறணையில் குடிக்கிறவர்கள்போலப் பனையோலைப் பிளாவில் குடிப்பது மாமாவின் தகுதிக்குக் காணாது. அவருக்கு வெண்கல மூக்குப்பேணி. ஆனால் கள்ளுப் பட்ட பேணி சமையலறைக்குள் வரக் கூடாது, நல்லதண்ணிக் கிணற்றடிக்கும் போகக் கூடாது, துடக்கு. ஆகவே அது மாட்டுக்கொட்டில் கூரைக்குள் செருகிக் கிடக்கும். கழுவுவது பின்வளவுக் கிணற்றுத் தண்ணீரில். அந்தக் கிணறு கக்கூஸ் குழிக்குப் பக்கத்தில் இருந்தது. மாட்டுக்கும் கால் கழுவவும் தவிர வேறெதற்கும் அந்தத் தண்ணீரை ஒருவரும் எடுப்பதில்லை. அடுக்களைச் சுத்தத்தைக் காப்பாற்றுவதற்காக மாமா தினமும் அதில் அலசிக் குடித்தார். கள் இறக்குகிறவரோ முட்டியைப் பேணியில் படாமல் உயரத்தில் பிடித்து வார்க்க வேண்டும். அவர் கை பட்டால் குற்றம், அவர் இறக்கிய கள் வயிற்றுக்குள் போனால் குற்றமில்லை. எனக்குச் சிரிப்பு வரும், சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொள்வேன்.

இவ்வளவும் சொன்னாலும் அந்த மனிதரை எனக்குப் பிடிக்கும். அந்த வீட்டில் என்னோடு ஒரு ஆளாக மதித்துக் கதைத்தவர் அவர் ஒருவர்தான். பத்திரிகையை வாசித்து முடித்ததும் மடித்து என் பக்கம் நீட்டுவார். "பொம்பிளைக்கு ஏன் பேப்பர்?" என்று மாமி முணுமுணுத்தால், "வாசிக்கத் தெரிஞ்ச பிள்ளை, வாசிக்கட்டும்," என்பார். அதற்காகவே அவர் சாகக் கூடாது என்று நினைத்தேன்.

அது பொருளாதாரத் தடைக் காலம். மின்சாரம் போய்க் கன நாள், பெற்றோல் கண்ணில் படாது, மருந்துக் கடைகளில் அலுமாரிகள் வெறுமையாகக் கிடந்தன. மாமாவுக்குக் காய்ச்சல் தொடங்கியது. பின்னேரமானால் குளிரில் நடுங்குவார், பிறகு வேர்த்து விறுவிறுத்துப் போவார். மேல்வயிற்றில் நோ. சோற்றைக் கண்டால் அருவருப்பு. வேட்டி இடுப்பில் நிற்காத அளவுக்கு வற்றிப்போனார். அதோடு இருமல், தோளில் ஒரு குத்து. இவ்வளவுக்கும் மாமி கொத்தமல்லி அவித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

ஒருநாள் மாமா நெஞ்சில் கையை வைத்து, "இஞ்சை அமத்துது," என்றார். மாமி பயந்தார்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் பயத்தோடு சேர்ந்து முகத்தில் ஒரு நிம்மதியும் வந்ததை நான் கண்டேன். வருத்தத்துக்கு ஒரு மரியாதையான பெயர் கிடைத்துவிட்டது. அன்று பொழுதுபடுவதற்குள் ஒழுங்கை முழுக்க, "இவருக்கு இருதயம்," என்று சொல்லியாகிவிட்டது.

வீட்டு டொக்டர் வந்தார். மாமாவிடம் சின்ன வகுப்பிலிருந்து படித்தவர். மானிப்பாய் றோட்டில் டிஸ்பென்சரி வைத்திருந்தார், கைராசிக்காரர் என்று பெயர். செருப்பைப் படலையடியிலேயே கழற்றிவிட்டு வந்து, வாத்தியாருக்கு முன்னால் கை கட்டி நின்றார். இருக்கச் சொல்லியும் இருக்கவில்லை. நெஞ்சில் குழலைச் சால்வைக்கு மேலால் வைத்துக் கேட்டார். வயிற்றைத் தொட்டுப் பார்க்கவேயில்லை. வாத்தியாரின் வயிற்றை அமுக்குவது மரியாதையில்லை போலும். பிறகு ஒரு கேள்வி கேட்டார்:

"சேருக்கு வேறை பழக்கம் ஒண்டும் இல்லைத்தானே?"

பதிலையும் உள்ளே வைத்துக் கேட்கிற கேள்வி. மாமா கண்ணை மூடிக்கொண்டார். மாமி, "சிவ சிவா, இவருக்கோ?" என்றார். இருதயம் பலவீனம் என்று முடிவாயிற்று. மூத்திரம் போகிற குளிசை கொடுத்து, வருத்தத்தின் பெயரை ஒரு துண்டிலும் எழுதி வைத்தார்.

நான் அவருக்குப் பின்னாலேயே படலை மட்டும் போனேன். "டொக்டர், மாமா கள்ளுக் குடிக்கிறவர். கன காலமாய். மேல்வயிறு நோகுது எண்டு துடிக்கிறார். அதையும் யோசியுங்கோ," என்றேன்.

அவர் செருப்பைப் போட்டுக்கொண்டே சுற்றிப் பார்த்தார். "தங்கச்சி, உதை நீர் எனக்குச் சொன்னதா இருக்க வேண்டாம்."

"ஏன்? நீங்கள் டொக்டர்தானே?"

"அவர் என்ரை வாத்தியார். எனக்கு 'அ' எழுதப் பழக்கினவர். நான் எந்த வாயாலை அவரிட்டை உதைக் கேக்கிறது?"

சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். படலையைப் பிடித்தபடி நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த மனிதர் எத்தனை வருஷம் படித்து என்ன, கடைசியில் முதலாம் வகுப்பில் குந்தியிருந்த வாங்கை விட்டு எழும்பவேயில்லையே என்று ஆத்திரமாக வந்தது.

அன்றிரவு என் கணவரிடம் சொன்னேன். அவரும் ஆசிரியர்தான், பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறவர். "பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போவம். குடிக்கிற விஷயத்தையும் சொல்லுவம்," என்றேன். "நீர் சும்மா இரும். அப்பாவின்ரை பேர் என்னாகிறது?" என்றார். அப்பா என்னாகிறது என்று அவர் கேட்கவில்லை. இத்தனைக்கும் நல்ல மனிதர், என்னைக் கை நீட்டி அடித்ததில்லை, சம்பளத்தை ஒளித்ததில்லை. தகப்பனின் பேர் என்று வந்ததும் மட்டும் மூளையைக் கழற்றிச் சால்வையோடு கொடியில் போட்டுவிடுவார்.

குளிசை தொடங்கியபின் மாமா இன்னும் மோசமானார். படுக்க முடியவில்லை, தலையணைகளை அடுக்கி இருந்தபடியே கிடந்தார். கழுத்து நரம்புகள் விரல் மொத்தத்தில் புடைத்தன. இரண்டு சொல் சேர்த்துக் கதைக்க மூச்சுக் காணாது. பார்க்க வந்தவர்கள் தங்களுக்குத் தெரிந்த பெரிய மனிதர்கள் யார் யார் இருதயத்தால் போனார்கள் என்று அவர் காதுபடவே பட்டியல் போட்டார்கள். மாமி அவர்களுக்குத் தேத்தண்ணீரும் பனங்கட்டித் துண்டும் கொடுத்து அனுப்பினார். ஒரு காலை மாமாவின் உதடும் நகமும் நீலம்பாரித்துப் போனதைக் கண்டதும் நான் சத்தம் போட்டேன். இனி யாரையும் கேட்டுக்கொண்டு நிற்கேலாது, காரைப் பிடியுங்கோ என்று கத்தினேன். அதுவரை அந்த வீட்டில் நான் கத்தியதில்லை.

அந்தக் காலத்து வாடகைக் கார் மண்ணெண்ணெயில் ஓடுவது. நாலு சொட்டுப் பெற்றோல் காட்டி இயந்திரத்தை எழுப்பினால், பிறகு புகையைக் கக்கிக்கொண்டு இருமி இருமி ஓடும். உள்ளே இருமிக்கொண்டு மாமா, வெளியே இருமிக்கொண்டு கார். பாதி வழியில் பொம்மர் சத்தம் கேட்டது. சாரதி காரைத் தெருவோரப் புளியமரத்துக்குக் கீழே ஒதுக்கி நிறுத்தினார். மேலே அது வட்டமடித்தது. நான் மாமாவின் முதுகைத் தாங்கிக்கொண்டு இருந்தேன். குண்டு விழுமோ, அதற்கு முன் இவர் மூச்சு நிற்குமோ என்று ஒவ்வொரு மூச்சாக எண்ணிக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தை மாமி வீணாக்கவில்லை. எங்கள் மூன்று பேருக்கும் பாடம் எடுத்தார்:

"அங்கை டொக்டர்மார் கண்டபடி கேப்பினம். கருப்பணி மட்டும் இடைக்கிடை எண்டு சொல்லுங்கோ. வேறை ஒண்டும் வாயிலை வரக் கூடாது. வார்ட்டிலை எங்கடை ஊராக்களும் இருப்பினம்."

மாமா கண்ணை மூடியபடி தலையை ஆட்டினார். சம்மதமாம்.

பெரியாஸ்பத்திரியில் ஒரு இளம் பெண் டொக்டர் பார்த்தார். சால்வையை எடுத்து ஒரு பக்கம் வைத்துவிட்டு, நெஞ்சில் குழலை வைத்து நெடுநேரம் கேட்டார். மேல்வயிற்றை அமத்தினார். மாமா துள்ளினார். வீட்டு டொக்டரின் துண்டை வாசித்துவிட்டு நேராகக் கேட்டார்:

"ஐயா, கள்ளுக் குடிக்கிறனீங்களோ?"

மாமா வாயைத் திறந்தார். மூச்சு வாங்கினார். "தீட்சை..." என்றார். இன்னொரு மூச்சு. "கேட்ட..." இன்னொன்று. "ஆள்."

உயிர் தொண்டைக்குழியில் நிற்கிறது. மிச்சமிருந்த மூன்று மூச்சையும் மனிதர் இந்தப் பொய்க்குச் செலவழித்தார். எனக்கு அழுகையும் வந்தது, அவரைப் பிடித்து உலுப்ப வேண்டும் போலவும் இருந்தது.

டொக்டர் எங்கள் பக்கம் திரும்பினார். "இருதயத்தைச் சுத்தி ஏதோ நிறைஞ்சு அதை நெரிக்குது எண்டு நினைக்கிறன். துண்டிலை இருதயப் பலவீனம் எண்டு கிடக்கு. அதெண்டால் மருந்து வேறை. ஈரல் கட்டி உடைஞ்சு வந்த சீழ் எண்டால் உடனை ஊசி குத்தி எடுக்கவேணும். நெஞ்சிலை ஊசி குத்திறது விளையாட்டில்லை. படம் எடுத்துப் பாக்கப் பிலிமும் இல்லை. நீங்கள் சொல்லுறதை வைச்சுத்தான் நான் பெரிய டொக்டரோடை கதைக்கவேணும். கள்ளுக் குடிக்கிற ஆக்களுக்குத்தான் உந்தக் கட்டி கூட வாறது. அதுதான் கேக்கிறன்."

இதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது. மாமி கூசாமல், "இடைக்கிடை கருப்பணி, பிள்ளை. உடம்புச் சூட்டுக்கு," என்றார். டொக்டர் என் கணவரைப் பார்த்தார். விஞ்ஞான ஆசிரியர் நிலத்தைப் பார்த்தார்.

"ஓம் டொக்டர், குடிக்கிறவர்," என்றேன் நான். என் குரல் நான் நினைத்ததைவிடப் பெரிதாக வந்தது. பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பினார்கள். "கள்ளு. பின்னேரத்திலை பின்னேரத்திலை. பேணி கழுவிறது கக்கூஸடிக் கிணத்துத் தண்ணியிலை. காய்ச்சல் குளிரோடை வாறது. நோ முதலிலை மேல்வயித்திலைதான் துவங்கினது, நெஞ்சிலை இல்லை."

"எடியே!" என்றார் மாமி. "உமக்கென்ன விசரே?" என்று என் கணவர் கையைப் பிடித்து இழுத்தார். மாமா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். அவ்வளவு வெறுப்போடு என்னை யாரும் பார்த்ததில்லை. டொக்டர் எங்கள் ஒருவரையும் பாராமல் ஓட்டமும் நடையுமாகப் போய்ப் பெரிய டொக்டரைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

எங்களை வெளியே நிற்க விட்டார்கள். மாமி விறாந்தைச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் தொட்டால் தீட்டு என்பதுபோலத் தள்ளி நின்றார். பிறகு அந்த இளம் டொக்டர் ஒரு போத்தலோடு வந்தார். உள்ளே காய்ச்சின பனங்கட்டிப் பாணி நிறத்தில், தடிப்பாக, ஒரு போத்தல் நிறையச் சீழ்.

"உதுதான் நெரிச்சது. எடுத்த உடனை மூச்சு இறங்கியிட்டுது. இனி மருந்து குடுத்தால் சரிவரும்," என்றார். என்னைப் பார்த்து, "கள்ளிலை பூச்சி இருக்கெண்டு இல்லை. உந்தத் தண்ணிதான். குடிச்சுக் கெட்ட ஈரலிலை அது லேசாய் ஏறியிடும். பின்வளவுக் கிணத்தை இனி ஒண்டுக்கும் தொடாதேங்கோ," என்றார்.

கொடுத்த மருந்து என்னவென்றால், வயிற்றுளைவுக்கு ஊரில் எல்லோருக்கும் கொடுக்கிற அதே குளிசை. மாமி அதை இருதயக் குளிசை என்றார். வார்ட்டுக்குப் பார்க்க வந்தவர்களிடம், "நெஞ்சிலை ஒப்பிறேசன். இருதயத்துக்கையே ஊசி விட்டவை," என்று பெருமையோடு சொன்னார். வீட்டு டொக்டர் இளநீரோடு வந்தார். "நான் அப்பவே சொன்னன், இருதயம் எண்டு," என்றார். ஒருவரும் சிரிக்கவில்லை. கட்டிலின் கால்மாட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற எனக்குத்தான் சிரிப்பை அடக்கப் பெரும் பாடாய்ப் போயிற்று.

மாமா உயிரோடு வீட்டுக்கு வந்தார். என்னோடு கதைக்கவில்லை. தண்ணீர் வேண்டுமென்றால், "அவவைத் தண்ணி கொண்டுவரச் சொல்லு," என்று மாமியிடம் சொல்வார். நான் பக்கத்திலேயே நிற்பேன். பத்திரிகையை வாசித்து முடித்துத் தன் தலையணைக்குக் கீழே வைத்துக்கொள்வார். அது என்னை மாமியின் ஏச்சைவிடக் கூடச் சுட்டது. நன்றி சொல்ல வேண்டாம், பழையபடி அந்தப் பத்திரிகையை நீட்டினால் போதும் என்றிருந்தது.

ஒரு மத்தியானம் மாமி கோயிலுக்குப் போயிருந்தார். வேறு வழியில்லாமல் மாமா என் கையால் கஞ்சி வாங்க வேண்டியிருந்தது. கோப்பையை வாங்காமல் முற்றத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"நீர் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் நான் மரியாதையாய்ப் போய்ச் சேர்ந்திருப்பன்."

பகிடியில்லை. முழு மனதோடுதான் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஆருக்கு மறைச்சனீங்கள் மாமா? ஊரிலை ஆருக்குத் தெரியாது?"

"என்ன தெரியும்?"

"நீங்கள் குடிக்கிறது."

"ஆர் சொன்னது உமக்கு?"

"எங்கடை வீட்டிலை கலியாணம் பேசேக்கையே தரகர் சொன்னவர். மாப்பிள்ளை தங்கமான பெடியன், தாய் கொஞ்சம் வாய்க்காரி, தகப்பன் பின்வளவிலை கள்ளுக் குடிக்கிறவர், வேறை ஒரு குறையும் இல்லாத சனம் எண்டு. அது பண்டத்தரிப்பிலை, மாமா. இஞ்சை தெரியாதே?"

அவர் என் பக்கம் திரும்பினார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார்.

"கூட்டத்துக்கு வாறவைக்கு?" என்று கேட்டார்.

"அவைக்கும்."

"கோயிலிலை?"

"ஓம், மாமா."

நெஞ்சில் ஊசி ஏற்றியபோது முனகாத மனிதர் என்று டொக்டர் சொல்லியிருந்தார். இப்போது வாய் கோணி, சின்னப் பிள்ளைபோல விம்மினார். இத்தனை வருஷமாகத் தன் ரகசியத்தை ஊரே சேர்ந்து காப்பாற்றித் தந்துகொண்டிருக்கிறது என்பதும், சாகத் துணிந்ததும் சும்மாவுக்குத்தான் என்பதும் அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. எனக்குப் பாவமாக இருந்தது. சொன்னதைக் கொஞ்சம் மெதுவாகச் சொல்லியிருக்கலாம் என்றும் தோன்றியது, ஆனால் பொய்யென்று திருப்பிச் சொல்ல மனம் வரவில்லை.

சால்வையால் முகத்தைத் துடைத்தார். கஞ்சி ஆறிவிட்டது, சூடாக்கிக்கொண்டு வரட்டோ என்று கேட்டேன்.

"வேண்டாம், பிள்ளை. உப்பிடியே தாரும்," என்று கையை நீட்டினார்.